தையலில் தங்கிய கரு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சவள். குழு தீர்மான நோட்டு எழுதுறதுதான் எனக்குத் தெரிஞ்ச எழுத்து வேலை. ஆனால் என் வயித்துல நடந்ததை நான் சொல்லாட்டி வேற யார் சொல்லுவாங்க? இங்கே ஆம்பளைங்க நாலு பேர் இருக்காங்க. இருக்கட்டும், அவங்களும் கேட்கட்டும்.

இங்கே உட்கார்ந்திருக்கிறவங்கள்ல ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை எடுத்தவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம். பார்த்தீங்களா, பாதிக்கு மேல. நம்ம ஊர்ல மட்டும் இல்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு 45 ஆபரேஷன்னு வந்திருக்கு. தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் பார்த்தால் 100க்கு 64, அரசு ஆஸ்பத்திரியில் 36. அதுக்கு முந்தின ஆய்வில், 2015-16ல், மொத்தம் 34தான் இருந்துச்சு. நான் ஆபரேஷனே தப்புன்னு சொல்ல வரலை. என் மூத்த பொண்ணுக்கு வயித்துக்குள்ளேயே துடிப்பு குறைஞ்சு போச்சு, ஆபரேஷன் இல்லாட்டி இன்னைக்கு அவள் ஸ்கூலுக்குப் போகமாட்டாள். பையனும் ஆபரேஷன்தான். நான் பேச வந்தது, அதுக்குப் பிறகு உள்ளே இருக்கிற தையலைப் பத்தி.

வெளியில் தெரியுற தையல் ஆறிடும். உள்ளே கர்ப்பப்பையிலயும் ஒரு தையல் இருக்கு, அதை நாம நினைக்கிறதே இல்லை. அந்த வடு சில பேருக்குச் சரியாகச் சேராமல் சின்னப் பள்ளமாக நின்னுடும். அடுத்த கரு மேலே தங்க வேண்டிய இடத்தில் தங்காமல், கீழே வந்து அந்தப் பள்ளத்துக்குள்ளே வேர் விட்டுடும். நாத்து வயலில் இறங்காமல் வரப்பு வெடிப்பில் வேர் பிடிச்ச மாதிரின்னு நான் என் மாமியாருக்குச் சொன்னேன், அவங்களுக்கு உடனே புரிஞ்சுது. நாத்து வளர வளர வரப்பு உடையும் இல்லையா? அங்கேதான் ஆபத்து. கர்ப்பப்பைச் சதை சுருங்கினால்தான் ரத்தம் நிக்கும். வடு சதை மாதிரி சுருங்காது. உடைஞ்சால் ரத்தம் கொட்டிக்கிட்டே இருக்கும்.

இது ரொம்ப அபூர்வம், ஏறக்குறைய 2000 கர்ப்பத்துக்கு ஒண்ணுன்னு சொல்றாங்க. உலகத்திலேயே 1978ல்தான் முதல் தடவை டாக்டர்கள் இதை எழுதி வச்சிருக்காங்களாம். ஆபரேஷன் பிரசவம் கூடக் கூட இதுவும் கூடுது.

எனக்குக் காப்பர்-டி போட்டிருந்து, உதிரம் அதிகமாகப் போகுதுன்னு எடுத்துட்டாங்க. எடுத்த அஞ்சாவது மாசம் நாள் தள்ளிப் போச்சு. நாப்பத்தஞ்சாவது நாள் லேசாக் கறை பட்டுச்சு. வலின்னு சொல்லுற அளவுக்கு ஒண்ணும் இல்லை, அடிவயித்துல ஒரு இழுப்பு. சில பேருக்கு இதுகூட இருக்காதாம். ஒரு இடத்தில் ஸ்கேன் எடுத்தோம். "கரு கீழே இறங்கியிருக்கு, தானாக் கலையப் போகுது, சுரண்டி எடுத்துடலாம், சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்"னு சொன்னாங்க. அந்த இடத்தின் பேர் வேண்டாம். என் வீட்டுக்காரர் தேங்காய் லோடு ஏத்தப் போயிருந்தார், அவர் வரட்டும்னு நான் வீட்டுக்கு வந்துட்டேன்.

அன்னைக்கு எங்க நர்ஸம்மா தடுப்பூசிக்கு வந்திருந்தாங்க. ஸ்கேன் பேப்பரைப் பார்த்துட்டு அவங்க கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டு ஆபரேஷன் ஆனவள்னு அங்கே சொன்னியா?" சொன்னேன், ஆனால் பேப்பரில் அது இல்லை. "யாரையும் கை வைக்க விடாதே, பெரிய இடத்தில் இன்னொரு ஸ்கேன் பாரு"ன்னு அவங்கதான் அனுப்பி வச்சாங்க. பட்டுக்கோட்டை போய், அங்கிருந்து தஞ்சாவூர். அந்தப் பஸ்ல போன ரெண்டு மணி நேரத்தை நான் இங்கே சொல்லப் போறது இல்லை.

தஞ்சாவூரில் கீழ்வழி ஸ்கேன் எடுத்தாங்க. வெட்கப்படுற ஸ்கேன்தான், ஆனால் அதில்தான் தெளிவாகத் தெரியும். கர்ப்பப்பையின் மேல்பக்கம் காலியா இருந்துச்சு. கரு வடுவுக்குள்ளே இருந்துச்சு, அதுக்கும் மூத்திரப்பைக்கும் நடுவில் இருந்த சுவர் ஒரு அரிசி மணி தடிமன்தான். கருவுக்குத் துடிப்பும் இருந்துச்சு. அதை டாக்டரம்மா மறைக்கலை. சுரண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்னு கேட்டேன். அப்படியே கண்ணால் பார்க்காமல் சுரண்டினால், சுவர் கிழிஞ்சு, ரத்தத்தை நிறுத்த கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வந்திருக்கலாம்னு சொன்னாங்க. விட்டு வச்சாலும் நஞ்சு தையலைத் துளைச்சு மூத்திரப்பை வரைக்கும் போகலாமாம்.

இதுக்கு வழி ஒண்ணு இல்லை, பல இருக்கு. கரு ரொம்பச் சின்னதா இருந்து, ரத்தத்தில் கர்ப்பச் சத்து அளவும் குறைவா இருந்தால், மெத்தோட்ரெக்ஸேட்னு ஊசி போட்டுக் கரைக்கிறாங்க. அதுக்குப் பிறகு பல வாரம் ரத்தம் பார்த்துக்கிட்டே இருக்கணும், நடுவில் உதிரம் கொட்டினால் உடனே ஓடணும். சில பேருக்கு ஸ்கேனில் பார்த்துக்கிட்டே உறிஞ்சி எடுப்பாங்க. சில பேருக்குக் கீழ்வழியாகவே கேமரா விட்டு எடுப்பாங்க. எனக்குச் சுவர் மெலிசு, கரு வெளிப்பக்கம் புடைச்சிருந்துச்சு. அதனால் வயித்துல ஓட்டை போட்டுச் செய்யுற லேப்ராஸ்கோப்பிதான் நல்லதுன்னு முடிவு பண்ணாங்க. அதில் கருவையும் எடுத்து, பழைய தையலையும் சரி பண்ணிடலாம்.

அது எப்படின்னு எல்லாரும் கேட்கிறீங்க. முழு மயக்கம் கொடுத்துடுறாங்க. தொப்புளில் ஒண்ணு, பக்கத்தில் மூணு, விரல் நுழையாத சின்ன ஓட்டைகள். கார்பன் டை ஆக்சைடு வாயுவை விட்டு வயித்தை உப்ப வைக்கிறாங்க, அப்போதான் உள்ளே இடம் கிடைக்கும். ஒரு ஓட்டையில் கேமரா, மத்ததில் நீளக் கத்தரி, இடுக்கி. டாக்டர் டிவியைப் பார்த்துக்கிட்டே செய்யுறாங்க. பழைய ஆபரேஷனில் மூத்திரப்பை கர்ப்பப்பையோட ஒட்டிப் போயிருக்கும், அதை மெதுவாப் பிரிச்சுக் கீழே இறக்குறதுதான் பெரிய வேலையாம். ரத்தம் குறைய மருந்து போட்டு, வடுவைத் திறந்து, கருவை ஒரு பைக்குள் வச்சு வெளியே எடுத்து, நஞ்சு போன ஓரத்தை வெட்டிட்டு நல்ல சதையோட நல்ல சதையைச் சேர்த்துத் தைக்கிறாங்க. நம்ம டெய்லரிங் அக்காவுக்குச் சொன்னேன், "பிசிறு வெட்டித் தைச்சால்தான்டி நிக்கும்"னு அவங்க சொன்னாங்க.

அதுக்கு முந்தி என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. ரத்தம் நிக்காட்டி வயித்தைத் திறப்போம், கர்ப்பப்பையை எடுக்கவும் நேரலாம்னு அதில் எழுதியிருந்துச்சு. ரெண்டு யூனிட் ரத்தம் தயாரா வைக்கச் சொன்னாங்க. எங்க குழுப் பொண்ணு ஒருத்தியும் என் தம்பியும் கொடுத்தாங்க. கூடவே குடும்பக் கட்டுப்பாடும் செஞ்சுக்கறேன்னு நானே கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

மூணாம் நாள் வீட்டுக்கு வந்தேன். வயித்தை விடத் தோள்பட்டைதான் வலிச்சுது, உள்ளே விட்ட வாயுவால் அப்படி வருமாம், ரெண்டு நாளில் போயிடுச்சு. முந்தி ரெண்டு தடவையும் எந்திரிச்சு உட்கார ஒரு வாரம் ஆச்சு, இந்தத் தடவை மறுநாளே நடந்தேன். வாரம் ஒரு தடவை ரத்தம் பார்த்தாங்க, கர்ப்பச் சத்து முழுசா இறங்கின பிறகுதான் விட்டாங்க.

பணம்? அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு எங்க ஊக்குநர் அக்கா வீட்டில் எட்டுப் பேர் கூடி உள்கடன் தீர்மானம் போட்டாங்க. நோட்டு எழுதுறவள் நான் ஆஸ்பத்திரியில், அதனால் வேற கையெழுத்தில் இருக்கும், இப்பவும் நோட்டில் பார்க்கலாம். பதினாலு மாசத்தில் கட்டி முடிச்சேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வச்சிருக்கவங்க, எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சை அதில் வரும்னு உடம்பு நல்லா இருக்கும்போதே கேட்டு வச்சுக்கங்க.

ஒரு விஷயம் சொல்லிடறேன், மனசுல கிடக்கு. வீட்டுக்கு வந்த பிறகு சொந்தத்திலேயே ஒருத்தங்க, "துடிப்பு இருந்த புள்ளையை அழிச்சுட்டு வந்துட்டா"ன்னு சொன்னாங்க. நான் பதில் பேசலை. என் மாமியார்தான், "இருக்கிற ரெண்டு புள்ளைக்கும் அவளைக் கொண்டாந்து விட்டிருக்கோம், போய் வேலையைப் பாரு"ன்னு சொன்னாங்க. எனக்கும் அழுகை வரத்தான் செஞ்சுது. சில நாள் இப்பவும் வரும்.

ஆபரேஷன் ஆனவங்களுக்கு நாள் தள்ளினால், மூணு மாசம் ஆகட்டும்னு இருக்காதீங்க. ஆறு, ஏழு வாரத்திலேயே ஸ்கேன் எடுத்து, கரு எங்கே இருக்கு, தையலில் இருக்கான்னு வாய் விட்டுக் கேளுங்க. பழைய டிஸ்சார்ஜ் பேப்பரைக் கையோட கொண்டு போங்க. மெடிக்கல்ல கலைக்கிற மாத்திரை வாங்கிப் போடவே கூடாது, கரு தையலில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. கறை அதிகமா இருந்தாலோ, மயக்கம் வந்தாலோ 108க்குப் போடுங்க, ஆட்டோ தேடாதீங்க. தையல் சரி பண்ணின பிறகும் பிள்ளை வேணும்னு நினைக்கிறவங்க டாக்டர் சொல்ற வரைக்கும் காத்திருந்து, அந்தத் தடவையும் சீக்கிரமே ஸ்கேன் பார்க்கணும்.

என் ஸ்கேன் படமும் டிஸ்சார்ஜ் பேப்பரும் இந்தப் பையில் இருக்கு. பார்க்கணும்னு நினைக்கிறவங்க சாப்பாட்டு நேரத்தில் பந்தலுக்குப் பின்னால் வாங்க, ஆம்பளைங்க இல்லாமல் பேசலாம். அடுத்து கயிறு திரிக்கிற குழு அக்கா பேச நிக்கிறாங்க, அவங்களுக்கு மைக்கைக் கொடுத்துடறேன்.