பொருள்விடு தூது

   

தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் தூது என்பது ஒன்று. அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு ஆகிய பத்தும் தூது விடுதற்கு உரியன என்று இலக்கண நூலார் வகுத்தனர். இவற்றுள் கிளியும் பூவையும் சொன்னதைத் திரும்பச் சொல்லும். தாமாகப் பேச வல்லவள் தோழி ஒருத்தியே. பின்வந்த புலவர்கள் இந்த வரம்பையும் கடந்தனர். ஒருவர் பணத்தைத் தூது விட்டார். ஒருவர் புகையிலையைத் தூது விட்டார். மதுரைச் சொக்கநாதரிடம் தமிழ் மொழியையே தூது விட்டார் இன்னொருவர். பேசாத பொருளைப் பேசுவது போலவும் கேட்பது போலவும் பாடுதற்குத் தொல்காப்பியச் செய்யுளியல் இசைவு தந்திருக்கிறது.

புலவர்தம் கற்பனையில் நிகழ்ந்த இச்செயல் இக்காலத்தில் பொறியியலில் நிகழ்கிறது. விளக்கும் பூட்டும், எந்திரமும் ஊர்தியும், தெருக்கம்பமும் மின்னளவியும் செய்தி அனுப்புகின்றன, செய்தி பெறுகின்றன. இதற்குப் பொருள்களின் இணையம் என்று பெயர். இதை வியந்து போற்றுவாரும் உளர். அஞ்சி விலகுவாரும் உளர். இரண்டிற்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வியைத் தூது இலக்கியமே கற்றுத் தருகிறது. தூது நூலில் அனுப்புபவர் யார், பெறுபவர் யார், செய்தி யாது என்னும் மூன்றும் ஐயமின்றி விளங்கும். தலைவி அறியாமல் அவளுடைய கிளி அயலாரிடம் பறந்து சென்று அவள் துயரைச் சொல்லி வருவதில்லை. திருக்குறளின் 69-ஆம் அதிகாரம் தூதுவனைப் பற்றியது. தன் உயிர்க்கே முடிவு வருவதாயினும் தன்னை அனுப்பியவர்க்கு நன்மை தேடித் தருபவனே தூதுவன் என்று அவ்வதிகாரத்தை வள்ளுவர் நிறைவு செய்கிறார். இந்த அளவுகோலைக் கொண்டு புதிய தூதுவர்களை அளந்து பார்ப்பது தகும்.

இத்துறையின் தொடக்கம் மிக எளியது. 1982-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினித் துறையினர் சிலர், குளிர்பான விற்பனைப் பொறி ஒன்றைக் கணினி வலையோடு இணைத்தனர். புட்டி இருக்கிறதா, அது குளிர்ந்துவிட்டதா என்பதை இருந்த இடத்திலிருந்தே அறிந்தனர். 1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் காப்பிக் குடுவை ஒன்றின் எதிரே படக்கருவி வைக்கப்பட்டது. குடுவை நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்த அந்தப் படம் 1993-இல் உலகளாவிய வலையில் ஏறிற்று, 2001-இல் நிறுத்தப்பட்டது. கடைத்தட்டில் சரக்குத் தீர்ந்ததை உடனுக்குடன் அறியும் வழியை ஆராய்ந்த கெவின் ஆஷ்டன் என்பவர், 1999-இல் தம் உரை ஒன்றுக்குப் பொருள்களின் இணையம் என்று பொருள்படும் தலைப்பை இட்டார். துறைக்கு அதுவே பெயராயிற்று.

இத்தூது நடைபெறும் முறையும் விளங்கிக்கொள்ளக் கூடியதே. உணரி என்னும் சிறு கருவி வெப்பத்தையோ அதிர்வையோ ஒளியையோ அளக்கிறது. சில்லு ஒன்று அந்த அளவை எண்ணாக மாற்றுகிறது. அவ்வெண் வானலை வழியே தொலைவிலுள்ள கணினிகளைச் சேர்கிறது. அங்கே முன்னைய எண்களோடு ஒப்பிடப்பெற்று, ஒரு கட்டளை திரும்பி வருகிறது; அடைப்பான் மூடிக்கொள்கிறது, அல்லது விளக்கு எரிகிறது. தூது சென்ற கிளியிடம் மாலை வாங்கி வரச் சொல்வாள் தலைவி. இங்கே மாலைக்கு மாற்றாகக் கட்டளை வருகிறது. அக்கணினித் தொகுதிக்கு முகில் என்று பெயர் சூட்டியுள்ளனர். பத்துத் தூதுப் பொருள்களில் மேகமும் ஒன்று என்பது நினையத்தக்கது. ஆயினும் இம்முகில் வானத்தில் இல்லை. மண்மேல் எழுந்த பெருங்கட்டடங்களில், மின்சாரத்தை உண்டு வாழ்கிறது. அதற்கு உடைமையாளரும் உண்டு.

முதற்கண் தொழிற்கூடம். சுழலும் எந்திரத்தின் தாங்கி பழுதுறும் முன்னர் அதன் அதிர்வு மாறும். தேர்ந்த தொழிலாளி கை வைத்தும் காது கொடுத்தும் அறிந்த அம்மாற்றத்தை இன்று உணரி அறிகிறது. பழுது வரும் முன்னரே பகுதியை மாற்ற முடிகிறது. இதனால் வாணிக முறையும் மாறிற்று. வானூர்தி எந்திரத்தைப் பேணுதற்கு, அது பறந்த மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறும் முறையை பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் 1962-இலேயே தொடங்கியது. எந்திரம் பறந்துகொண்டிருக்கும்போதே தன் நலத்தைத் தானே அறிவிக்கத் தொடங்கிய பின் அம்முறை வேரூன்றியது.

வானூர்தியின் தூதுக்கு ஒரு துயரச் சான்றும் உண்டு. 2014 மார்ச் 8-ஆம் நாள் 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட மலேசிய வானூர்தி எம்எச் 370 மறைந்தது. மாந்தர் குரல் நின்று ஏறத்தாழ ஏழு மணி நேரம் வரை, அதிலிருந்த கருவியொன்று செயற்கைக்கோளின் அழைப்புக்கு விடையளித்துக்கொண்டிருந்தது. அவ்விடையில் சொல் இல்லை, இடக்குறிப்பும் இல்லை. இருக்கிறேன் என்னும் பொருள் மட்டுமே இருந்தது. அலையின் நேரத்தையும் அதிர்வெண்ணையும் கணக்கிட்டே, வானூர்தி தென் இந்தியப் பெருங்கடல் நோக்கிச் சென்றது என்று அறிஞர் உய்த்துணர்ந்தனர்.

அடுத்து இல்லம். பிள்ளைகள் அயல்நாட்டில் வாழ, தனித்திருக்கும் முதியோர் வீட்டில் கதவு திறந்ததையும் விளக்கு எரிந்ததையும் அறிவிக்கும் கருவி ஓர் ஆறுதலே. ஆனால் அதே கருவி வீட்டின் உள்ளத்தையும் வெளியே சொல்லும். குறுகிய இடைவெளிகளில் அளவெடுக்கும் திறன் மின்னளவி, வீட்டார் எழும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் ஊருக்குச் சென்ற நாளையும் காட்டிக்கொடுக்கும். இக்காரணம் பற்றியே நெதர்லாந்தின் மேலவை, அம்மின்னளவியைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 2009-இல் ஏற்க மறுத்தது. மறுக்கும் உரிமையை வீட்டார்க்கு அளித்த பின்னரே திட்டம் நடந்தது.

உடைமை என்னும் சொல்லின் பொருளும் இங்கே மாறுகிறது. அமெரிக்காவில் விற்கப்பட்ட ரிவால்வ் என்னும் இல்லக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஆதரவான கணினிச் சேவையை அதன் உரிமை நிறுவனம் 2016 மே மாதம் நிறுத்தியது. விலை கொடுத்து வாங்கியவர் வீட்டில் கருவி இருந்தது. அதன் உயிர் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 21-இல் வேறொன்று நிகழ்ந்தது. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாமல் வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கண்காணிப்புப் படக்கருவிகள் முதலியவற்றை மிராய் என்னும் தீநிரல் தன்வயப்படுத்தியது. அவை ஒருங்கே தாக்கியதில் அமெரிக்காவில் பெரும் இணையத் தளங்கள் பல மணி நேரம் முடங்கின. வீட்டுக்குக் காவலாக வைத்த கருவி, வீட்டார் அறியாமலே அயலார்க்குப் படைவீரன் ஆயிற்று.

மூன்றாவதாக நகரும் போக்குவரத்தும். சிங்கப்பூரில் 1975 முதல் நடுநகரினுள் நுழையும் ஊர்திகள் தாள் உரிமச்சீட்டை ஒட்டிச் சென்றன. 1998-இல் மின்னணுச் சாலைக் கட்டணம் வந்தது. வளைவைக் கடக்கும்போதே கட்டணம் கழிந்தது. நேரத்திற்கும் இடத்திற்கும் ஏற்பக் கட்டணம் மாறி நெரிசலைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவின் சுங்கச் சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் ஒட்டி கட்டாயமாயிற்று. இவற்றின் பயன் மறுக்க இயலாதது. ஊர்தி வலையோடு இணைவதில் இடரும் உண்டு. 2015-இல் ஆய்வாளர் இருவர், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் வண்டியைத் தொலைவிலிருந்தே தம் கட்டளைக்கு உட்படுத்திக் காட்டினர். அதன்பின் ஏறத்தாழ 14 இலட்சம் வண்டிகள் சீர்திருத்தத்திற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. கனடாவின் டொராண்டோ ஏரிக்கரையில் உணரிகள் நிறைந்த நகர்ப்பகுதி ஒன்றை அமைக்கும் திட்டம் 2017-இல் அறிவிக்கப்பட்டது. திரட்டப்படும் தகவல் யாருக்கு உரியது என்று குடிமக்கள் வினவினர். திட்டத்தின் தனியுரிமை ஆலோசகரே 2018-இல் விலகினார். பொருளாதார நிலையைக் காரணம் காட்டி 2020 மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

இவ்வளவும் கேட்டபின் பொருள்கள் பேசாதிருப்பதே நன்று என்று எண்ணத் தோன்றலாம். குமரிக் கடற்கரை அதற்கு மறுமொழி சொல்லும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, கன்னியாகுமரி, கேரள மீனவர் பலர் முன்னரே ஆழ்கடலில் இருந்தனர். கைப்பேசி எட்டாத தொலைவு அது. கரையில் எச்சரிக்கை இருந்தது. படகில் அதைக் கேட்க ஒரு பொருளும் இல்லை. பலர் திரும்பவில்லை. 2024 ஆகஸ்டில் இந்திய அரசு 1 இலட்சம் மீன்பிடிப் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழி இருபுறமும் செய்தி செல்லும் கருவிகளைப் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. புயலை அறிவிக்கவும், இடருற்றபோது உதவி வேண்டவும், கடல் எல்லை நெருங்கும்போது எச்சரிக்கவும் அக்கருவி உதவும். இது உயிர் காக்கும் தூது. ஆயினும் அதே கருவி படகின் இருப்பிடத்தையும் கரைக்குச் சொல்லும். மீன்படும் இடம் மீனவரின் வாழ்நாள் அறிவு. அந்த அறிவு எவர் கைக்குச் செல்லும் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. பயனும் ஐயமும் ஒரே படகில் இருக்கின்றன.

சட்டங்கள் இவ்வினாவை எட்டத் தொடங்கியுள்ளன. எல்லாக் கருவிக்கும் ஒரே எளிய கடவுச்சொல் இட்டு விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரலில் தடை செய்தது. இணைந்த கருவி தரும் தகவலைப் பெறும் உரிமையை அதைப் பயன்படுத்துபவர்க்கு வழங்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2023-இல் எண்மியத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. சட்டத்தின் மொழி சிலர்க்கே விளங்கும். அதைப் பலர்க்கும் விளங்கும் சொல்லாக்குவது எழுதுவோர் கடன்.

கவிஞர்க்கு இங்கே இரண்டு பணிகள் உள்ளன. முதலாவது சொல்லைப் பற்றியது. நடுக்கடலில் ஒருவரிடம் சேரும் எச்சரிக்கை அவர் நாவில் வழங்கும் தமிழில் அமைய வேண்டும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த கடலோரத் தமிழ் அக்கருவிக்குள் நுழைய வேண்டும். அதைத் திரட்டித் தருவதற்கு இலக்கிய வட்டங்களைவிடப் பொருத்தமானவர் யார்? இரண்டாவது பணி வினவுதல். வீட்டுக்குள் ஒரு பேசும் பொருள் வரும்போது, இதை அனுப்பியவர் யார், இது யாரிடம் சொல்கிறது, என்ன சொல்கிறது என்னும் மூன்று வினாக்களையும் எளிய மக்கள் நாவில் ஏற்றுவது. விடை கிடைக்காத பொருளை வாயிலிலேயே நிறுத்தலாம். விடை தரும் பொருளை உள்ளே அழைத்து, அதன் வாயிலாகத் தம் செய்தியைத் தாமே அனுப்பலாம்.

அஃறிணைக்கு நாவு தந்த மரபு தமிழ் மரபு. அந்நாவு அனுப்பியவர்க்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று விதித்ததும் அம்மரபே. அவ்விதியை இப்புதிய காலத்திற்கும் எடுத்துரைக்கும் பாடல்கள் இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் மலர்க!