நிவாரணத்துக்கு ஒதுக்கும் நேரம்

2013 நவம்பர் 8 அன்று ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸின் டக்ளோபான் நகரைச் சின்னாபின்னமாக்கியது. தன்னார்வலர்கள் அரிசியும் டின் மீனும் நூடுல்ஸும் பொட்டலம் கட்டினர். இப்படி உதவ விரும்பும், தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளருக்கு நேரம் தன் கையில் உண்டு. ஆனால் சம்பளத்துடன் விடுப்பு கிடையாது. வேலை நின்றால் வருமானமும் நிற்கும். எனவே வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே பேசி, கெடுவைத் தள்ளிவைத்துக்கொள்வது நல்லது. மூட்டை தூக்குவதும் தேவையான வேலைதான். ஆனால் அவருடைய வடிவமைப்புத் திறன் இன்னும் அதிகம் உதவும். குடிநீரில் குளோரின் மாத்திரை போடும் முறையைப் படமாகக் காட்டும் சுவரொட்டி, எழுத்தறியாதவருக்கும் புரியும். ஹையானின்போது உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பலர் வீட்டிலிருந்தபடியே, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் சாலைகளையும் கட்டடங்களையும் வரைந்தனர். செஞ்சிலுவைச் சங்கத்தினர் அந்த வரைபடங்களைக் களத்தில் பயன்படுத்தினர். சீரமைப்பு வருடக்கணக்கில் நீண்டதால், வாரம் ஒரு மாலை நேரத்தைத் தந்தவரின் உழைப்புக்கும் அங்கே வேலை இருந்தது.