சிமெண்டைச் சுற்றி ஒரு சவ்வு

பூட்டில் சாவியைத் திருப்பும்போது முன்கையில் என்ன நடக்கிறது தெரியுமா? கட்டைவிரல் பக்கத்து எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் மேல் புரள்கிறது. இவற்றில் ஒன்றின் நீளமோ வளைவோ மாறினாலும் கை முழுதாகத் திரும்பாது.

இந்த எலும்புகளில் ஒன்று முறிந்து, அங்கே சீழும் பிடித்துவிட்டால் ஒட்டுவது கடினம். முறிவைப் பொருத்த உள்ளே வைத்த உலோகப் பிளேட்டின் மேல் கிருமிகள் படலம் கட்டிப் பதுங்கிவிடும். மருந்து அதற்குள் எளிதில் நுழையாது. பெரும்பாலும் பழைய பிளேட்டையும் செத்த எலும்பையும் அகற்றத்தான் வேண்டும். அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது?

பிரான்ஸ் நாட்டு மருத்துவர் மாஸ்கெலே 1980-களில் அருமையான வழி கண்டார். இடைவெளியில் எலும்பு சிமெண்டை வைத்தார். இன்று பலர் அதில் ஆன்டிபயாடிக் கலக்கிறார்கள். ஆறு முதல் எட்டு வாரங்களில் உடலே அதைச் சுற்றி ஒரு சவ்வை வளர்க்கிறது. ரத்தநாளங்கள் நிறைந்த சவ்வு. எலும்பு வளரத் தூண்டும் புரதங்களையும் சுரக்கிறது! பிறகு சவ்வைக் கீறி, சிமெண்டை எடுத்துவிட்டு, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துகள்களை உள்ளே நிரப்பித் தைக்கிறார்கள். 2000-ல் அவர் குழு வெளியிட்ட 35 நோயாளிகளின் விவரத்தில், நீள எலும்புகளில் 5 முதல் 24 சென்டிமீட்டர் வரை இடைவெளி இருந்தது.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும். அறுவைக்குப் பின் தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்துகொண்டே இருந்தால், மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்காதீர்கள். எந்தக் கிருமி என்று கண்டறியும் சோதனையையே அது குழப்பிவிடும். நேராக அறுவை செய்த மருத்துவரிடம் போங்கள். புகைபிடிப்பவர்கள் உடனே நிறுத்துங்கள். எலும்பு ஒட்டுவதை அது தாமதப்படுத்தும்.