பேரிங் குற்றமா, தரை குற்றமா?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சுயபுராணம் வேண்டாம், தொழில் விஷயம் பேசும் வே" என்று செயலாளர் முன்கூட்டியே கட்டளை போட்டுவிட்டார். ஆகவே ஒரு பம்ப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

மணியாச்சி என்றால் எல்லோருக்கும் 1911 ஜூன் 17-ம், கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட ரயில் பெட்டியும், வாஞ்சிநாதனும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு அந்த ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையின் பம்ப் ஹவுஸ் ஞாபகம் வரும். பெயர் வேண்டாம். 1995-இல் பராமரிப்புப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஒரு தண்ணீர்ப் பம்ப் ஆண்டுக்கு மூன்று தடவை பேரிங் தின்று கொண்டிருந்தது. மோட்டார் பக்கத்துப் பேரிங், நம்பர் 6310. (மாணவர்களே, கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும், 50 மி.மீ.) அந்தப் பம்ப் நின்றால் ஆலை மட்டுமல்ல, குவார்ட்டர்ஸ் குழாயும் நின்றுவிடும். சித்திரை வெயிலில் காலிக் குடங்கள் வரிசையாக நிற்பதைக் கரிசல் காட்டில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பழி முழுக்க ஒரு ஒப்பந்த ஃபிட்டர் அண்ணாச்சி தலையில். "நீர் சுத்தியலால அடிச்சு மாட்டுதீரு, அதான் போகுது. இன்னொரு தடவை போச்சுன்னா நீரும் போயிர வேண்டியதுதான்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

அவர் மாட்டுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழையதைப் புல்லர் போட்டுக் கழற்றினார். ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரால் அளந்தார். அளவு சரி. (லூசாக இருந்தால் சென்டர் பஞ்ச் வைத்துப் புள்ளி குத்தி இறுக்குவார்கள் சிலர். அது நாலு நாள் வைத்தியம்.) புதுப் பேரிங்கின் காகிதத்தைக் கடைசி நிமிஷம் வரை பிரிக்கவில்லை. எண்ணெய்ச் சட்டியில் அடி படாமல் கம்பியில் தொங்கவிட்டு, 100 டிகிரி வரை காய்ச்சி எடுத்து, தட்டாமலே உள்ளே செருகினார். 120 தாண்டினால் பேரிங் எஃகின் பதம் கெடலாம். கிரீஸ் அரை இடத்துக்கு மேல் வைக்கவில்லை. அடைத்து வைத்தால் சூடாகும். என்ன குறை சொல்வது?

கழற்றிய பேரிங்கை அறுத்துப் பார்த்தோம். வெளிவளையத்தில் குண்டுகள் ஓடிய தடம் நேராக இல்லை. ஒரு பக்கம் ஏறி, எதிர்ப்பக்கம் இறங்கி ஓடியிருந்தது. பம்ப் ஹவுஸ் சுவரில் அண்ணாச்சி ஒவ்வொரு தடவை மாற்றியதையும் கரிக்கட்டையால் தேதி எழுதி வைத்திருந்தார். பாதி ஐப்பசி, கார்த்திகை மழையை ஒட்டி. மீதி பங்குனி, சித்திரை. "சார்வாள், பேரிங் குத்தமில்ல, தரை குத்தம்" என்றார். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும். பம்ப்பின் ஃபவுண்டேஷன் ஆழமாக இருந்தது. குழாயைத் தாங்கிய தூண்களோ மேல் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தன. மண் ஆடினால் குழாய் ஆடும். குழாய் பம்ப்பை இழுக்கும்.

மேலாளரைக் கூட்டி வந்து நிற்க வைத்தோம். கப்ளிங்கில் டயல் கேஜ் வைத்து, டெலிவரி ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம். முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. 0.40 நகர்ந்தது. குண்டுப் பேரிங்கில் பாரம் இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்று. அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். மேலாளர் ஒன்றும் பேசவில்லை. அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. சுவீடனில் கோதென்பர்க் நகரத்தில் ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற என்ஜினியர் ஒரு துணி ஆலையில் வேலை பார்த்தார். அங்கேயும் களிமண் தரை. தரை இறங்கி, ஷாஃப்ட் கோணி, பேரிங் போய்க்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையிலிருந்துதான் 1907-இல் தானே சாய்ந்து கொடுக்கும் இரட்டை வரிசைக் குண்டுப் பேரிங் பிறந்தது, எஸ்.கே.எஃப். கம்பெனியும் பிறந்தது. "அதையே மாட்டியிருக்கலாமே?" என்று ஒரு மாணவர் கேட்பார். நம் பம்ப்பில் இழுத்தது குழாய். பேரிங் சாய்ந்து கொடுத்தாலும் அந்த இழுவை குறையாதே.

குழாய்த் தூண்களை இடித்து, கரிசலைத் தோண்டி எடுத்துச் சரளை நிரப்பி, ஆழத்திலிருந்து எழுப்பினோம். குழாயில் ஒரு ரப்பர் பெல்லோஸ் சேர்த்தோம். மழை முடிந்ததும் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை அலைன்மென்ட் பார்க்கும் வேலையை அண்ணாச்சியிடமே கொடுத்தோம். அடுத்து அந்தப் பேரிங்கை மாற்றியது 1999-இல். அந்தத் தேதியையும் சுவரில் அவர்தான் எழுதினார். நிரந்தர ஊழியராக.