பிள்ளைக்குத் தெரியாதா?



கொடிய நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே பெரியோர் குரலைத் தாழ்த்திப் பேசுவர். “பிள்ளைக்குத் தெரியக்கூடாது” என்பர். அன்பிற் பிறந்த எண்ணந்தான். ஆயினும் அது பலிப்பதில்லை.

மைரா புளூபாண்ட்-லாங்னர் என்னும் மானிடவியலாளர், அமெரிக்க வைத்தியசாலையொன்றில் இரத்தப் புற்றுநோயுற்ற சிறுவரோடு பழகிக் கண்டவற்றை 1978ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அந்நோயினின்றும் பிழைப்போர் அரியராயிருந்த காலத்திற் கண்டவை அவை. 3 முதல் 9 வயது வரையான அக்குழந்தைகளுக்கு எவரும் உண்மையைச் சொல்லவில்லை. அவர்களோ அறிந்திருந்தனர். மருந்துகளைப் பற்றி உடனிருந்த பிள்ளைகளிடம் கேட்டறிந்தனர். அவர்களில் ஒருவர் இறந்தபோது தம் நிலையையும் உணர்ந்தனர். ஆயினும் பெற்றோர் முன் அறியாதார் போல் நடித்தனர். உண்மையைப் பேசினால் அன்னை அழுவாள், அறையை விட்டு அகன்றுவிடுவாள் என்னும் அச்சமே காரணம். யார் யாரைக் காத்தது?

இன்று அந்நோயுற்ற சிறுவர் பலர் குணமடைகின்றனர். ஆயினும் சிகிச்சை பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். அத்தனை காலமும் ஒரு பிள்ளை தனியே அஞ்சிக்கொண்டிருக்கலாமா?

“ஊசி நோகுமா?” என்றால், “நோகாது” என்னாதீர்கள். ஒரு முறை பொய்த்த சொல்லைப் பிள்ளை மறுமுறை நம்பாது. “கொஞ்சம் நோகும், நான் கையைப் பிடித்திருப்பேன்” என்னுங்கள். உங்கள் கண் கலங்கினாற் கலங்கட்டும். எழுந்து மட்டும் போகாதீர்கள்.

“நான் செத்துப்போவேனா?” என்று கேட்டால்? வாயைப் பொத்தாதீர்கள். “ஏன் ராசா அப்படி நினைக்கிறாய்?” என்று வினவுங்கள். பக்கத்துக் கட்டில் நேற்று முதல் வெறுமையாயிருப்பதை அப்பிள்ளை கண்டிருக்கக்கூடும்.