பாபநாசத்து நீரும் பக்தர் கடமையும்



திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பினை வைத்தார். இறைவனுக்கு அடுத்து உலகைக் காப்பது மழையே என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். பொதிகை மலையில் பெய்யும் மழை பொருநை நதியாகிச் சமவெளியைத் தொடும் இடமே பாபநாசம்.

அகத்திய முனிவருக்கு அம்மையப்பர் திருமணக்கோலம் காட்டியருளிய இத்தலத்தில் பாபநாசநாதரும் உலகம்மையும் எழுந்தருளியுள்ளனர். நவகயிலாயங்களுள் இதுவே முதலாவது. கோயிலுக்கு மேலே, மலைக்குள்ளே, காரையாறு அணை என்றும் வழங்கும் பாபநாசம் அணை 1942ஆம் ஆண்டில் எழுந்தது. அதன் முழு நீர்மட்டம் 143 அடி. 156 அடி சேர்வலாறு அணையும், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் 1958இல் அமைந்த 118 அடி மணிமுத்தாறு அணையும் அதற்குத் துணை நிற்கின்றன.

தென்மேற்குப் பருவமழை காருக்கும், வடகிழக்குப் பருவமழை பிசானத்திற்கும் நீர் தருகின்றன. பெய்த நாளிலேயே ஓடிக் கடல் சேரவேண்டிய வெள்ளத்தை அணை தாங்கி நிறுத்தி, வேண்டிய காலத்தில் அளந்து விடுகிறது. அந்நீர் கன்னடியன், மருதூர், திருவைகுண்டம் முதலிய எட்டு அணைக்கட்டுகளின் வழியே வயல்களையும் குளங்களையும் நிரப்புகின்றது. நெல்லை, தூத்துக்குடி மாவட்ட மக்களுக்குக் குடிநீராகின்றது. எஞ்சியது புன்னைக்காயலில் கடலோடு கலக்கின்றது.

கோடையிலும் படித்துறையில் அன்பர்கள் நீராட முடிகிறதென்றால், அது அணை காத்து வழங்கிய நீரே. பயிருக்கும் உயிருக்கும் வைத்த நீரில் ஒரு பங்கே நம் தலைமேல் விழுகின்றது. அவ்வாறிருக்க, நீராடியபின் உடுத்திய ஆடையை ஆற்றிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் பெருகியுள்ளது. அத்துணி பாறையிடுக்கில் சிக்குகின்றது, மண்ணில் புதைகின்றது, அடுத்து நீராட இறங்குவோர் காலைச் சுற்றுகின்றது. அழுக்கினைக் கழுவுதல் நீரின் குணம். கழுவியவர் அழுக்கினைச் சுமந்து திரிதல் நீரின் கடமையன்று. ஒருவர் தம் பாவம் நீங்கியதாக எண்ணி மகிழும் வேளையில், கீழ்க்கரையிலே ஒரு தாய் அந்நீரையே குடத்தில் முகந்து குழந்தைக்கு ஊட்டுகின்றாள். பிறர் குடிநீரைக் கெடுத்துப் பெறும் புண்ணியம் எங்ஙனம் புண்ணியமாகும்?

ஆதலின், ஆற்றில் இறங்குமுன் நதியை வணங்குங்கள். எண்ணெய், சவர்க்காரம் தவிர்த்து மூழ்கி எழுங்கள். நனைந்த ஆடையைப் பிழிந்து உடன் கொண்டு செல்லுங்கள். உலகம்மை திருமுன் நிற்கும்போது, அவள் மக்கள் பருகும் நீரை மாசுபடுத்தாமல் வந்தோம் என்ற மன நிறைவோடு நில்லுங்கள். அதுவே அவள் உவக்கும் வழிபாடு.

வாழ்க பொருநை! வளர்க அறம்!