விமானப் பரிசோதகரின் ஊதியம்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் செல்லும்பொருட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலர் இக்காலத்தில் விமானம் ஏறுகின்றோம். விமானியையும் பொறியியலாளரையும் நம்பியே ஆசனத்தில் அமர்கின்றோம். அவ்விருவர் பணியையும் நம் சார்பில் சோதிக்கும் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவரே அரசாங்க விமானப் பாதுகாப்புப் பரிசோதகர். அவர் கடமை யாது, ஊதியம் யாது என்று இன்று சிறிது சிந்திப்போம்.

டில்லி சப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இருக்கிறது. அதன் பரிசோதகர்களுள் இரு வகையினர் முக்கியமானவர்கள். ஒரு வகையினர் விமானத்தையும், பழுது பார்க்கும் கூடத்தையும், அங்குள்ள பதிவேடுகளையும் சோதிப்பர். மற்றொரு வகையினர் தாமே அனுபவம் மிக்க விமானிகள். விமானிகளின் அறையில் பின்னாசனத்தில் அமர்ந்து, விதிப்படி விமானம் செலுத்தப்படுகிறதா என்று கவனிப்பர். பயிற்சி முறைகளையும் ஆராய்வர். கண்ட குறையைத் திருத்தச் செய்வதும் இவர்கள் கடமையே.

முதல் வகையினர் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியே வருவோர். ஏழாவது சம்பளக் கமிஷன் அட்டவணைப்படி இவர்களுடைய தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100 ரூபாய். இரண்டாம் வகையினரைப் பெறுவதுதான் அரிது. பெரிய விமானத்தின் தலைமை விமானி தனியார் நிறுவனத்தில் மாதம் பல லட்சம் பெறுகிறார். சாதாரண அரசாங்கச் சம்பளத்துக்கு அவர் வருவாரா? ஆகவே முன்னாளில் விமான நிறுவனங்களிடமிருந்தே விமானிகளை இரவல் பெற்றனர். அவர்களுக்குச் சம்பளம் அளித்ததும் அந்நிறுவனங்களே. கடைக்காரரிடம் கூலி பெறுபவர் அவருடைய படிக்கல்லைச் சோதிப்பது போன்றதன்றோ இது?

2014 ஜனவரி 31-இல் அமெரிக்க விமான நிர்வாகம் நம் நாட்டின் பாதுகாப்பு மேற்பார்வையை இரண்டாந் தரத்துக்கு இறக்கியது. முழுநேரப் பரிசோதகர் போதாமை அதன் காரணங்களுள் ஒன்று. நம் நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க இயலவில்லை. அதே ஜனவரியில் 75 முழுநேரப் பரிசோதகரை நியமிக்க மந்திரி சபை இசைவளித்திருந்தது. 2015 ஏப்ரல் 8-இல் முதல் தரம் மீண்டது.

பரிசோதகர் ஊதியம், அவரால் சோதிக்கப்படுவோர் ஊதியத்தோடு ஒப்பிடத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் அறிவுரை. ஆயினும் 2025 ஆகஸ்டில் பாராளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கையின்படி, இயக்குநரகத்தின் 1,063 பதவிகளில் 553 மட்டுமே நிரம்பியிருந்தன. அவ்வாண்டு ஜூன் 12-இல் ஆமதாபாத்தில் நேர்ந்த பெரும் விபத்தை நாம் மறந்திலோம். அதன் காரணத்தை இக்குறையோடு இணைப்பது முறையன்று. எனினும் காவல் பணியில் பாதி இடம் காலியாய் இருப்பது நன்றன்று.

இப்பதவிகளுக்குத் தக்க ஊதியம் தருதல் வீண்செலவு என்று எண்ணற்க. படிக்கல்லைச் சோதிப்பவர் நம்முடைய ஆளாக இருக்க வேண்டுமானால், அவருக்குக் கூலி கொடுப்பவரும் நாமாகவே இருத்தல் வேண்டும்.